பார்சல் இல்லாத கடையில் பாக்கி நிற்கும் இரண்டு கிண்ணம்

நூடுல்ஸ் வரத் தாமதமான கோபத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக், கடைக்காரம்மாவையே லிஃப்டுக்குள் நிறுத்தி வைத்துவிட்டார் என்று அந்த நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. முதல் மாடிக் கணக்காளர் சொல்லும்போது அது அரை மணி நேரம். இரண்டாம் மாடித் தையல்காரர் வாயில் அது ஒரு மணி நேரமாக வளர்ந்துவிடுகிறது. வாசல் காவலாளியைக் கேட்டால், கடைக்காரம்மா மயங்கி விழுந்து, மாவைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார் என்கிறார். நேரில் பார்த்தீர்களா என்றால், "பார்த்தவர் சொன்னாரு" என்கிறார். பார்த்தவரைத் தேடிப் போனால் அது தையல்காரர். தையல்காரருக்குச் சொன்னது காவலாளி.

விசாரித்த வரையில், பேச்சில் இருப்பதெல்லாம் நடந்தவைதான். நூடுல்ஸ் தாமதமானது உண்மை, மெக்கானிக் கோபப்பட்டது உண்மை, கடைக்காரம்மா லிஃப்டில் மாட்டியதும் உண்மை. வரிசையை மட்டும் யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள். லிஃப்ட் சம்பந்தப்பட்ட விஷயம், மேலது கீழே வந்திருக்கும்.

லிஃப்ட்காரருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அந்த வட்டாரத்துப் பழைய லிஃப்டுகளில் முக்கால்வாசி அவர் பொறுப்பு. உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்ட சாப்பாடு எதுவும் அவர் நினைவில் இல்லை. மனிதர்கள் லிஃப்டில் மாட்டிக்கொள்வதற்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அவர் முதல் வாய் வைக்கும் நேரம்தான் அது. அவருடைய கல்யாண விருந்தன்றே மண்டபத்து லிஃப்டில் பெண்ணின் பெரியப்பா மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை இலையிலிருந்து எழுந்து, புதுச் சட்டையோடு மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அவரை மீட்டுக் கொண்டுவந்தார். வெளியே வந்த பெரியப்பா நன்றி சொல்லவில்லை. "என்ன மெயின்டனன்ஸ் பண்றீங்க?" என்று கேட்டார்.

மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர், அங்கே எல்லோருக்கும் 'அம்மா'. "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க" என்று நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு சொல்வது அவர் வேலை. அதையே வீட்டில் கேட்கும்போது மட்டும் முகம் சிரிப்பதில்லை. எத்தனை ஓட்டல்களில் எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார், அவருக்கே தெரியாது. கணவர் பாதியில் விட்டுப்போனதைப் பார்சல் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வருவார். கணவர் அதை ராத்திரி நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கே, எங்க வாங்கின?" என்பார். போன முறை அப்படிக் கேட்டபோதுதான் அம்மாவுக்கு ஏறிவிட்டது.

"நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆர்டர் பண்ணதுங்க அது."

"ஓ... ஆமால்ல."

"இனிமே உங்களோட வெளியே சாப்பிட வரமாட்டேன். நான் தனியாவே போய்ச் சாப்பிட்டுக்கறேன். எதிர்ல ஆள் இல்லாம சாப்பிடறதுதான் எனக்குப் பழகிப்போச்சே."

இதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். டோக்கன் நம்பர் சொல்கிற குரலில் சொன்னார். லிஃப்ட்காரர் உடனே இறங்கி வந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றார். அம்மா யோசித்துவிட்டு, கடையை நான்தான் சொல்வேன் என்றார்.

சொன்னது கொரிய நூடுல்ஸ் கடை. எல்லாம் இயற்கை என்று அவருடைய பல் டாக்டரே புகழ்கிற இடம். அம்மா அதைத் தேர்ந்தெடுத்தது இயற்கைக்காக இல்லை. அந்தக் கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு: 'பொடி இல்லை. சாயம் இல்லை. அவசரம் இல்லை. பார்சல் இல்லை.' ஆர்டர் கொடுத்த பிறகுதான் மாவைத் தேய்த்துக் கத்தியால் நறுக்குவார்கள். கிண்ணம் மேசைக்கு வந்துவிட்டால் ஆறுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஊறி உப்பிப்போனால் கடைக்காரம்மாவே வந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கெட்டுப்போனதைத் தன் கடையில் யாரும் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாதாம். கட்டி எடுத்துப் போகவும் முடியாது, வைத்துவிட்டு ஓடவும் முடியாது. இதைவிட நல்ல பூட்டு அம்மாவுக்குக் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டும் லிஃப்ட்காரர் பொறுப்பில் இருப்பது.

"வேற கடை பார்க்கலாமா?"

"ஏன்? உங்க லிஃப்ட் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எந்த மெக்கானிக்கும் உண்மை சொல்ல மாட்டான்.

லீவு எழுதிக் கொடுத்தார். பக்கத்து வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும், 'பங்காளி' என்று எல்லோரும் கூப்பிடும் ஆளிடம் தன் லிஃப்டுகளை ஒருநாள் ஒப்படைத்தார். பங்காளி, "நீ போய் நிம்மதியா சாப்பிடு, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்ன விதத்திலேயே நிம்மதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கண் முன்னாலேயே போனை அணைத்து அவர் கைப்பையில் போட்டார். கருவிப் பையை வீட்டில் வைத்தார். தேய்த்த சாம்பல் நிறச் சட்டை, முந்தின நாள் வெட்டிய தலைமுடி. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாம் மாடியில் கதவு திறக்குமுன் பெட்டி ஒரு சின்னத் தயக்கம் காட்டியது. பேசலாமா வேண்டாமா என்று நிற்பவரின் தொண்டை அசைவு மாதிரி. அம்மாவுக்கு அது தெரியவில்லை. லிஃப்ட்காரருக்குக் கண் இமை ஒருமுறை துடித்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கடை சின்னது. மர மேசைகள், வெள்ளைச் சுவர், சமையலறைப் பக்கம் ஒரு கண்ணாடி. உள்ளே பெரிய பானையில் கருவாடும் முள்ளங்கியும் கடற்பாசியும் போட்ட சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மணம் மேசை வரை வந்து பசியைக் கிளப்பியது. பரிமாறுகிறவர் முன்பு ஒரு வங்கியில் காவல் இருந்தவர். மீசையும் விறைப்பும் அப்படியே இருந்தன. மெனுவை நீட்டியபோது அடையாள அட்டை கேட்பார் போலிருந்தது. அம்மா பூசணி சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நூடுல்ஸ் சொன்னார். அவர் கீரை சேர்த்த பச்சை சொன்னார். இன்னொரு மேசையில் ஒருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வறுத்த பார்லி ஊறிய வெந்நீர் வந்தது. பிறகு சின்னச் சின்னத் தட்டுகளில் மிளகாய் தடவி ஊறவைத்த முள்ளங்கி கிம்ச்சி, அவித்த முளைப்பயறு. லிஃப்ட்காரர் கிம்ச்சியைக் காலி செய்தார். இன்னொரு தட்டு வந்தது. அதையும் காலி செய்தார்.

"நூடுல்ஸ் எப்ப வரும்?"

"மாவு வந்துட்டிருக்குங்க" என்றார் முன்னாள் காவலர், நேராக எதிரே பார்த்தபடி.

"எங்கிருந்து?"

"கீழ, தரைத்தளத்துல, குளிர்ச்சியான ரூம் ஒண்ணு இருக்கு. மாவு ராத்திரி பூரா அங்கதான் ஓய்வெடுக்கும். கடைக்காரம்மா போய் எடுத்துட்டு வருவாங்க."

"மாவுக்கு ராத்திரி பூரா ஓய்வு! எனக்கு ஒருநாள் லீவு வாங்க எவ்வளவு பாடு."

அம்மா சிரித்தார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்குப் பசியே மறந்தது. கொஞ்ச நேரம்தான். மூன்றாவது தட்டு முள்ளங்கியும் தீர்ந்த பிறகு பசி ஆளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"ஏங்க, மாவு என்னாச்சு?"

"வந்துட்டிருக்குங்க."

"மூணு மாடி ஏற இவ்வளவு நேரமா? மாவு நடந்து வருதா?"

"அதுபத்தி எனக்குத் தகவல் இல்லைங்க."

"இயற்கை இயற்கைன்னு சொல்லி, நாம இயற்கை எய்தற வரைக்கும் உட்கார வெப்பாங்க போல" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். "தொழில்னா பொறுப்பு வேணாமா? வாடிக்கையாளர் காத்திருக்காங்கன்னு ஒரு நினைப்பு வேணாமா? நானெல்லாம் ஒரு போன் வந்தா—"

"தெரியும்" என்றார் அம்மா.

அப்போதுதான் மணி கேட்டது.

சுவருக்குப் பின்னாலிருந்து, எங்கோ கிணற்றுக்குள் யாரோ சைக்கிள் பெல் அடிப்பது போல. விட்டு விட்டு, மெலிந்த சத்தம். பேட்டரி இறங்கிப்போன அலாரம் மணி. லிஃப்ட்காரரின் தொடை தானாக நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை எழுந்தது. அவர் அதை அமுக்கி உட்கார வைத்தார். எதிரே அம்மா பார்லித் தண்ணீரை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். இருவர் காதிலும் மணி விழுந்தது. தன் காதில் விழவில்லை என்று இருவரும் காட்டிக்கொண்டார்கள்.

"முளைப்பயறு நல்லா இருக்குல்ல?" என்றார் அவர்.

"ம். நல்லா இருக்கு."

"எண்ணெய் கொஞ்சமாத்தான் போட்டிருக்காங்க."

"ம்."

மணி மறுபடி அடித்தது. பங்காளி வருவான், பங்காளி வராமல் எங்கே போவான் என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் உருப்போட்டார். பங்காளி அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில், தன்னுடைய வேறொரு லிஃப்டில், தானே மாட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்த சங்கதி.

மணி நின்றது. கல்லாவில் இருந்த போன் அடித்தது. முன்னாள் காவலர் எடுத்து, "சரிங்கம்மா... சரிங்கம்மா..." என்று நாலைந்து முறை சொன்னார். வைத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு கடையின் நடுவே வந்து நின்று, விமானத்தில் டாக்டரைத் தேடுகிற தோரணையில் கேட்டார்:

"இங்க யாராவது லிஃப்ட் வேலை தெரிஞ்சவங்க இருக்கீங்களா?"

செய்தித்தாள் கீழே இறங்கியது. லிஃப்ட்காரர் கிம்ச்சித் தட்டில் ஒட்டியிருந்த மிளகாய்த் துணுக்கை ஆராய்ச்சி செய்தார். இவ்வளவு நேரம் திட்டித் தீர்த்த மாவு, தன் லிஃப்டுக்குள்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவர் மண்டையில் மெதுவாக இறங்கியது. காது மடல் சூடானது. ஆனாலும் கையைத் தூக்கவில்லை. கொடுத்த வாக்கு அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

கையைத் தூக்கியது அம்மா.

"இவருக்குத் தெரியும்" என்றார். பிறகு கணவரிடம், "எழுந்திருங்க."

"நீதானே—"

"நான்தான். எழுந்திருங்க. இந்தத் தடவை நான் தனியா உட்கார்ந்திருக்க மாட்டேன். நானும் வரேன்."

"அங்க ஒரே கிரீஸ். அதுவும் இல்லாம, என்கிட்ட சாவியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, லிஃப்ட் கதவு திறக்கற முக்கோணச் சாவி. அதை எடுங்க."

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். அதில் கண்ணாடி இல்லை.

மொட்டைமாடி மெஷின் ரூமில் நிற்க இரண்டு பேருக்கே இடம். மின்சாரத்தை நிறுத்தினார். வழக்கமாகப் பங்காளி செய்கிற வேலையை மனைவியிடம் கொடுத்தார். அவர் லீவரை அழுத்தி பிரேக்கைத் தளர்த்த வேண்டும், இவர் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். விடு என்றால் உடனே விட வேண்டும்.

"அழுத்து... ம்... விடு. விடுன்னா விடணும்!"

"விட்டுட்டேன். கத்தாதீங்க. உள்ள இருக்கறவங்க பயந்துடப் போறாங்க."

"அழுத்து."

"தினமும் இப்படித்தானா?"

"தினமும் சட்டை இவ்வளவு நல்லா இருக்காது."

அம்மா சட்டையைப் பார்த்தார். வலது கையில் ஒரு கறுப்புப் பட்டை இழுத்திருந்தது. மறுபடி லீவரை அழுத்தினார். கீழே எங்கேயோ கம்பிகள் முனகின. பெட்டி, பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி, அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. கயிற்றில் மூன்றாம் மாடிக்கென்று போட்டிருந்த அடையாளம் நேராக வந்ததும் "விடு" என்றார். இந்த முறை சரியாக விட்டார். கணவர் திரும்பிப் பார்த்து, பங்காளிக்கு ஒருநாளும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்: "சபாஷ்."

மூன்றாம் மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்தபோது, கதவின் மேல்முனையில் இருந்த கான்டாக்ட் அவர் கண்ணில் பட்டது. தேய்ந்து, கறுத்து, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்கிற சின்னத் தகடு அது. ஓட்டத்தின் நடுவே ஒரு கணம் சொல்ல மறந்தால் லிஃப்ட் நின்றுவிடும். அவர் அதைக் கட்டைவிரலால் தள்ளி உள்ளே விட்டார். யாரும் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தார்.

கடைக்காரம்மா வெளியே வந்தார். மயங்கவில்லை, படுக்கவில்லை. வேர்வையில் நனைந்து, ஈரத் துணி போர்த்திய மாவுப் பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி வந்தார். கொரியாவிலிருந்து வந்து பல வருஷம் ஆனவர். பேச்சை வேலையாட்களிடம் கற்றுக்கொண்டதால், பாதி வாக்கியம் உத்தரவு மாதிரி இருக்கும்.

"நீங்க எடுத்துவிட்டீங்களா? ரொம்ப நன்றி. இருங்க."

துணியை விலக்கி மாவில் விரலை அழுத்தினார். விரல் விட்ட குழி அப்படியே நின்றது. நல்ல மாவாக இருந்தால் எழும்பி வர வேண்டுமாம். பச்சை மாவையும் அழுத்திப் பார்த்தார். அதுவும் எழவில்லை.

"போச்சு. உள்ளே சூடு. மாவு தளர்ந்துபோச்சு. இன்னைக்கு நூடுல்ஸ் கிடையாது."

"பரவாயில்லைங்க, எங்களுக்கு மட்டும் எப்படியாவது—"

"எப்படியாவது கிடையாது" என்று சுவர்ப் பலகைக்கு ஐந்தாவது வரி சேர்ப்பது போலச் சொன்னார்.

"சூப்பாவது?"

சமையலறையிலிருந்து ஒரு வாடை வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பானையில் சாறு சுண்டி, அடியில் ஒரு கரண்டி உப்புக் குழம்பாக நின்றிருந்தது. கடைக்காரம்மா முன்னாள் காவலரைப் பார்த்தார்.

"அடுப்பைத் தொடக் கூடாதுன்னு உங்க உத்தரவுங்கம்மா" என்றார் அவர், விறைப்பாக.

செய்தித்தாள்காரர் எழுந்து படியில் இறங்கிப் போனார். கட்டடத்துப் பேச்சு எங்கே பிறந்தது என்று கேட்பவர்கள் அந்தப் படிகளைத் தேடலாம்.

கடைக்காரம்மா தம்பதிக்கு முன்னால் வந்து இடுப்பு வளைய வணங்கினார். "என்னால உங்க சாப்பாடு போச்சு. என்னைக் காப்பாத்தவும் செஞ்சீங்க. ரெண்டு கிண்ணம் நான் உங்களுக்குப் பாக்கி. எப்ப வேணும்னாலும் வாங்க. நான் மறக்க மாட்டேன்."

லிஃப்ட்காரர் கான்டாக்டைத் தள்ளிய கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். 

வீட்டில், சட்டையைச் சோப்பில் ஊறப் போட்டுவிட்டு அம்மா கருவிப் பையைத் திறந்தார். மேலாகவே ஒரு பிளாஸ்டிக் உறை, பிரிக்காமல் இருந்தது.

"இதுதானே அது? கதவு மேல தொங்கிட்டிருந்தது?"

"அதேதான்."

"புதுசு கையில வெச்சுக்கிட்டு ஏன் போடல?"

"நேத்து சாயந்தரம் போடலாம்னுதான் போனேன். நீ போன் பண்ணின."

"நான் எதுக்குப் போன் பண்ணேன்?"

"முடி வெட்டிக்கிட்டு வாங்க, கடை மூடிடுவாங்கன்னு."

அம்மா அவர் தலையைப் பார்த்தார். நன்றாகத்தான் வெட்டியிருந்தான். காதுக்கு மேலே ஒழுங்காக, கழுத்துக்கு நேராக. ஒரு பானைச் சாறும், இரண்டு நிறத்தில் மாவும், ஒரு பெண்மணியின் மத்தியானமும் அந்தத் தலைக்குப் போயிருந்தன.

"அப்ப என்னாலயா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாம சொல்றீங்க."

இருவரும் ரொட்டியை வாட்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. போன் இன்னும் கைப்பையில் அணைந்தே கிடந்தது, இருவருமே அதை மறந்துவிட்டார்கள். ஆனால் இதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்தது நூடுல்ஸுக்கு.

மறுநாள் காலை முதல் வேலையாக லிஃப்ட்காரர் கான்டாக்டை மாற்றினார். கூடவே பேட்டரியையும் மாற்றினார். இப்போது மணி ஊரைக் கூட்டுகிறது. தையல்காரர் அதற்கும் புகார் சொல்கிறார்.

நூடுல்ஸ் மட்டும் இன்னும் ஆகவில்லை. கடைக்காரம்மா அவரை எங்கே பார்த்தாலும் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு கிண்ணம்! பாக்கி! எப்ப வர்றீங்க?" என்கிறார். அந்த இரண்டு விரலைப் பார்த்தாலே இவர் ஏதோ அவசர வேலை சொல்லி நழுவிவிடுகிறார். போய் உட்கார்ந்து சாப்பிட்டால் தப்புச் செய்தவன் பரிசு வாங்கின மாதிரி. உண்மையைச் சொல்லிவிட்டுச் சாப்பிடலாமென்றால், ஒரு பெரிய பானைச் சாறு அவர் தலையில் விழும்.

"சொல்லிட்டுச் சாப்பிடுங்க, இல்ல சொல்லாம சாப்பிடுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க" என்கிறார் அம்மா. "எனக்கு அந்த மஞ்சள் நூடுல்ஸ் வேணும்."

"யோசிக்கிறேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்தானே?" என்று அம்மா கிளினிக் குரலில் கேட்கிறார்.

கடைக்காரம்மாவோ லிஃப்டில்தான் போய் வருகிறார். ஆகவே அந்தக் கட்டடத்துக்கு வேலைக்கு வரும்போதெல்லாம் லிஃப்ட் மெக்கானிக் இப்போது படியில் ஏறுகிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சாறு கொதிக்கும் மணம் வரும். அங்கே ஒரு கணம் நின்று, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மொட்டைமாடிக்குப் போகிறார். அவருக்கே தன் லிஃப்ட் மேல் நம்பிக்கை இல்லை என்று காவலாளி புதிதாக ஒரு பேச்சைக் கிளப்பியிருக்கிறார்.